செம்முடிக் குருவானவரும் பியெத்தா இல்லத்து மாணவியரும்



வயலின் கற்கும் பிள்ளைகள், எந்த நாட்டில் கற்றாலும், சில ஆண்டுகள் பயிற்சிக்குப் பின் பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஏ மைனரில் அமைந்த ஒரு கான்செர்டோ அது. ஆசிரியர் விரித்து வைக்கும் அந்தத் தாளின் மேலே விவால்தி என்ற பெயர் இருக்கும். 'நான்கு பருவங்கள்' என்ற இசைத்தொகுப்பின் வழியாக அந்தப் பெயரை அறிந்தவர்கள் இன்னும் பல கோடிப் பேர். ஆனால் அந்தோனியோ விவால்தி ஒரு கத்தோலிக்கக் குரு என்பதையும், பெற்றோரால் கைவிடப்பட்ட பெண்பிள்ளைகளின் இல்லம் ஒன்றில் இசைக்கருவி ஆசிரியராக அவர் பல ஆண்டுகள் உழைத்தார் என்பதையும் அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி, அந்தப் பிள்ளைகளின் கைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆகவே இங்கு அவரை முதலில் ஓர் ஆசிரியராகவே பார்ப்போம்.

1678-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று அவர் வெனிஸ் நகரில் பிறந்தார். குழந்தை பிழைக்காது என்று அஞ்சிய மருத்துவச்சி, வீட்டிலேயே அவசரத் திருமுழுக்கு கொடுத்துவிட்டார். அன்று நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டதால்தான் அந்த அச்சம் என்று சிலர் சொல்வதுண்டு. குழந்தையின் உடல்நிலையே காரணம் என்பது இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது, ஏனெனில் மூச்சு முட்டும் நோய் ஒன்று அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, மே 6 அன்று, பிராகோராவிலுள்ள புனித யோவான் ஆலயத்தில் எஞ்சிய சடங்குகள் நிறைவேறின. தந்தை ஜியோவான்னி பாத்திஸ்தா முதலில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பின்னர் வயலின் கலைஞராகி, 1685-இல் புனித மாற்கு பேராலயத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றார். அங்கே அவரைச் 'சிவப்பர்' என்று பொருள்படும் ரோஸ்ஸி என்ற பெயரில் பதிவு செய்தார்கள். அந்தச் செந்நிறத் தலைமுடி மகனுக்கும் வந்தது. பின்னாளில் நகரமே அவரைச் செம்முடிக் குரு என்று அழைத்தது.

மூத்த மகனைக் குருத்துவத்துக்கு அனுப்பினார்கள். 15 வயதில், 1693 செப்டம்பரில், முதல் நிலைச் சடங்கு. பத்து ஆண்டுகள் பயிற்சிக்குப் பின் 1703 மார்ச் 23 அன்று குருத்துவ அருட்பொழிவு. அக்காலத்தில் இத்தகைய இளைஞர்கள் எல்லாரும் குருமடத்தில் தங்கியே பயில வேண்டும் என்பதில்லை. விவால்தி வீட்டில் இருந்தபடியே இரண்டு பங்கு ஆலயங்களில் பயிற்சி பெற்றார், தந்தையிடம் வயலினும் கற்றார். ஒரே வீட்டில் இரண்டு கல்வியும் நடந்தன என்று சொல்லலாம். அதே ஆண்டு செப்டம்பரில் பியெத்தா இல்லம் அவரை வயலின் ஆசிரியராக நியமித்தது. சம்பளம் ஆண்டுக்கு 60 டுகாட்.

இந்த இல்லத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1346-இல் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் தொடங்கி வைத்த பணி இது. வறுமையாலோ, மணமாகாமல் பிள்ளை பெற்ற அவமானத்தாலோ கைவிடப்படும் பச்சிளங்குழந்தைகளைக் கால்வாய்களில் வீசாமல் கொண்டுவந்து வைப்பதற்கென்று சுவரில் ஒரு சிறு மாடம் இருந்தது. சில தாய்மார்கள் குழந்தையோடு பாதியாக உடைத்த பதக்கத்தையோ பாதியாகக் கிழித்த படத்தையோ வைத்துவிட்டுப் போவார்கள். என்றாவது திரும்பி வந்து, மறுபாதியைக் காட்டி, பிள்ளையைக் கேட்கலாம் என்ற நம்பிக்கை. அப்படி விட்டுச்சென்ற பாதிகள் பல, கேட்க யாரும் வராமல், இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

ஆண்பிள்ளைகள் வளர்ந்ததும் தொழில் கற்க வெளியே அனுப்பப்பட்டார்கள். பெண்பிள்ளைகள் திருமணம் ஆகும்வரை அல்லது துறவற மடத்துக்குச் செல்லும்வரை அங்கேயே இருந்தார்கள். இரண்டும் அமையாதவர்கள் சாகும்வரை அங்கேயே. இவர்களில் பெரும்பாலோர் தையல், பின்னல், சமையல், நோயாளர் பராமரிப்பு என்று உழைத்தார்கள். குரலோ காதோ விரலோ நன்றாக அமைந்த சிலரை மட்டும் இசைக்குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வெனிசில் இதுபோன்ற இல்லங்கள் நான்கு இருந்தன. நான்கிலும் இசை இருந்தது, போட்டியும் இருந்தது. பிரெஞ்சுப் பயணி சார்ல் தெ புரோஸ் 1739-இல் வந்தபோது, ஒவ்வோர் இசை நிகழ்விலும் ஏறத்தாழ 40 பெண்கள் பங்கேற்பதாகவும், பருமனான கருவிகளைக்கூட அவர்கள் தயங்காமல் வாசிப்பதாகவும் எழுதிவைத்தார்.

அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெற்றோர் யார் என்று தெரியாதபோது எந்தப் பெயரைச் சூட்டுவது? எனவே கருவியே பெயராயிற்று. வயலின் அன்னா மரியா, ஓபோ பெல்லெகிரினா என்று ஏடுகளில் எழுதினார்கள். ஒரு பிள்ளை தன் கையால் கற்றுக்கொண்டது எதுவோ அதுவே அவளுடைய அடையாளமாகிவிட்டது. இதை வாசிக்கும்போது மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

விவால்தி வந்த நேரம் நல்ல நேரம். பிரான்சிஸ்கோ காஸ்பரீனி 1701 முதல் அங்கே இசைக்குழுவின் தலைமை ஆசிரியராக இருந்தார். பாடல் பயிற்சி நன்றாக நடந்தது, கருவிப் பயிற்சி போதவில்லை என்று அவர் கண்டார். எனவே கருவிகளுக்குத் தனித்தனி ஆசிரியர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1704-இல் விவால்திக்கு இன்னொரு நரம்புக் கருவியைக் கற்பிக்கும் பொறுப்பும் சேர்ந்தது, சம்பளம் 100 டுகாட் ஆயிற்று. கருவிகள் வாங்குவதும் நரம்புகள் வாங்குவதும்கூட அவர் வேலையாயிற்று. இசைவகுப்பு நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அறுந்த நரம்பை மாற்ற ஆளில்லாத பள்ளியில் எத்தனை நல்ல பாடத்திட்டம் இருந்தாலும் என்ன பயன்?

சரி, அந்தப் பிள்ளைகள் கற்க வேண்டியவை என்னென்ன? இன்று பள்ளிகளில் இசைக்கருவி வகுப்புக்குக் கற்றல் இலக்குகள் என்று எழுதி வைக்கிறோம். தெளிவான ஒலி எழுப்புதல், சுருதி சேர்த்தல், இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசித்தல், மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தல் என்று பட்டியல் நீளும். பியெத்தாவில் அப்படி ஓர் ஏடு தேவைப்படவில்லை. இல்லத்தின் வாழ்க்கை முறையே அந்த இலக்குகளைக் கட்டாயமாக்கியது. ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் மாலைப் புகழ் வழிபாடு உண்டு, அதற்கு இசை தேவை. நகர மக்களும் வெளிநாட்டுப் பயணிகளும் வந்து அமர்வார்கள். நாற்காலிக் கட்டணமும் காணிக்கையும் கிடைத்தால்தான் மாடத்தில் வைக்கப்படும் அடுத்த குழந்தைக்குப் பால் வாங்க முடியும். அடுத்த ஞாயிறு என்பது ஆசிரியரால் தள்ளிவைக்க முடியாத தேர்வு.

முதலில் எல்லாரும் இசைக்குறிப்பை வாய்விட்டுப் பாடிப் பழகினார்கள். வயலின் எடுக்கப் போகிறவளும் பாடித்தான் ஆக வேண்டும். கண் பார்ப்பதைக் காது முன்கூட்டியே கேட்டுவிட்டால் விரல் தடுமாறாது என்பது அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் சொல்லும் உண்மை. அடுத்து, ஒரு கருவியோடு நிறுத்திக்கொள்வதில்லை. அன்னா மரியா வயலினோடு செல்லோ, ஆர்ப்சிகார்ட், வீணை இனத்தைச் சேர்ந்த லூட், தியோர்போ, மாண்டலின் ஆகியவற்றையும் வாசித்தார். இது திறமையைக் காட்டிக்கொள்வதற்காக மட்டும் அல்ல. ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அவள் இடத்தை இன்னொருத்தி நிரப்ப வேண்டும், வழிபாடு நிற்கக் கூடாது. மேலும், அடிநாதம் வாசித்துப் பழகிய கை மேல்நாதத்துக்கு வரும்போது தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அங்கே கற்றவள் கற்பிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் மிகச் சிலரே. அன்றாடப் பயிற்சியை நடத்தியவர்கள் இல்லத்திலேயே வளர்ந்த மூத்த பெண்கள். சிறுமியர் அவர்களிடம் கற்றார்கள், அவர்கள் விவால்தி போன்றவர்களிடம் கற்றார்கள். தேர்ச்சி பெற்ற மூத்தவர்களுக்குத் தனிச் சலுகைகள் இருந்தன. வெளியிலிருந்து கட்டணம் செலுத்திக் கற்க வரும் மாணவியரைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை அதில் ஒன்று. யாருமற்றவளாகச் சுவர் மாடத்தில் வைக்கப்பட்ட ஒருத்தி, உயர்குடி வீட்டுப் பெண்ணுக்கு ஆசிரியையாக அமர்ந்தாள். அன்றைய ஐரோப்பாவில் இது சிறிய செய்தி அல்ல.

இப்படிக் கற்பிப்பதில் ஆசிரியருக்கு ஓர் ஆபத்து உண்டு, அது விவால்திக்கே நேர்ந்தது. இல்லத்தின் நிர்வாகக் குழு ஒவ்வோர் ஆசிரியரின் பணியையும் ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் புதுப்பிக்கும். 1709 பிப்ரவரியில் விவால்திக்கு ஆதரவாக 6 வாக்குகள், எதிராக 7. ஒரு வாக்கில் வேலை போயிற்று. அவர் வளர்த்தெடுத்த மூத்த மாணவியரே இனி கற்பிக்க முடியும், சம்பளத்தை மிச்சப்படுத்தலாம் என்று குழு எண்ணியதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, தம் வேலையை நன்றாகச் செய்ததாலேயே அவர் தேவையற்றவரானார்! இரண்டரை ஆண்டு கழித்து, 1711 செப்டம்பரில், ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கணக்குப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகவே சில இழப்புகள் புரிகின்றன.

அதே 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய 12 கான்செர்டோக்கள் அடங்கிய மூன்றாம் தொகுப்பு அச்சானது. தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட ஏ மைனர் பாடம் அதில் உள்ளதுதான். இந்தத் தொகுப்பு ஐரோப்பா முழுவதும் பரவியது. இத்தாலி மண்ணை ஒருநாளும் மிதிக்காத யோகான் செபாஸ்தியான் பாக் ஜெர்மனியில் இதைக் கையில் எடுத்து, பல பாடங்களை விசைப்பலகைக் கருவிகளுக்கு மாற்றி எழுதினார். நான்கு வயலின்களுக்கான ஒன்றை நான்கு ஆர்ப்சிகார்டுகளுக்கு அமைத்தார். ஓர் அனாதை இல்லத்து ஆசிரியரிடம் லூத்தரன் சபையின் மாபெரும் இசைமேதை பாடம் படித்தார் என்றால் மிகையாகாது.

கான்செர்டோ என்ற வடிவத்தைச் சற்று விளக்குகிறேன். முதலில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஒரு பகுதியை இசைக்கும். பின்னர் ஒரு கருவியோ இரண்டு, மூன்று கருவிகளோ தனித்து வந்து கடினமான பகுதிகளை வாசிக்கும். இடையிடையே முதற்பகுதி திரும்பத் திரும்ப வரும். விவால்திக்கு முன்பே இந்த வடிவம் உண்டு, அதை உறுதிப்படுத்தி நிலைநிறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். ஒரு வகுப்பறையை மனத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஐந்து ஆண்டு கற்றவளும் இருக்கிறாள், ஐந்து மாதம் கற்றவளும் இருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே பாடம் கொடுத்தால் ஒருத்திக்குச் சலிப்பு, இன்னொருத்திக்குக் கண்ணீர். கான்செர்டோவில் புதியவளுக்குத் திரும்ப வரும் பகுதி இருக்கிறது. அதை அவள் நான்கைந்து முறை வாசிப்பாள், ஒவ்வொரு முறையும் சற்றுத் துணிவு கூடும். தேர்ந்தவளுக்குத் தனிப்பகுதி இருக்கிறது. தனித்து வாசிப்பவள் மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் அவளைத் தாங்கிக்கொள்கிறார்கள். இது என் ஊகமே, ஆனால் அவருடைய பாடங்களைக் கேட்கக் கேட்க, மாணவர் பலம் அறிந்த ஓர் ஆசிரியரின் கை அவற்றில் தெரிகிறது.

வயலினுக்கு மட்டுமே 200-க்கும் மேற்பட்ட கான்செர்டோக்கள் எழுதினார். ஆனால் பசூன் என்ற தாழ்ந்த குரலுடைய காற்றுக்கருவிக்கும் ஏறத்தாழ 40 எழுதியிருக்கிறார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. செல்லோ, ஓபோ, புல்லாங்குழல், மாண்டலின் என்று யாரையும் விடவில்லை. அக்காலத்தில் செல்லோவும் பசூனும் பெரும்பாலும் பின்னால் நின்று அடிநாதம் தருபவை. அவற்றை வாசிப்பவர்களும் முன்னே வந்து நிற்க ஒரு வாய்ப்பு வேண்டும் அல்லவா? பல பள்ளிகளில் இன்னமும் முதல் வரிசைப் பிள்ளைகளுக்கே தனி வாசிப்பு கிடைக்கிறது.

1716 அவருக்கு மீண்டும் ஏறி இறங்கிய ஆண்டு. மார்ச் மாதம் வாக்கெடுப்பில் வேலை போயிற்று. மே மாதம், கருவி இசை முழுவதற்கும் பொறுப்பான ஆசிரியராக, முன்னைவிட உயர்ந்த பெயரோடு திரும்பினார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் பியெத்தா பிள்ளைகளுக்காக அவர் எழுதியதுதான் 'வெற்றி கொண்ட யூதித்து' என்ற இலத்தீன் இசைநாடகம். நம் திருவிவிலியத்தின் யூதித்து நூல் இதற்கு அடிப்படை. துருக்கியப் படையிடமிருந்து கோர்ஃபு தீவை வெனிஸ் காப்பாற்றிய வெற்றியைக் கொண்டாட எழுதப்பட்டது. படைத்தளபதி ஒலோபெரின் உட்பட எல்லா வேடங்களையும் பெண்களே பாடினார்கள். கருவிகளின் அணிவகுப்போ வியப்பூட்டுவது. நான்கு தியோர்போக்கள், மாண்டலின், ஓபோக்கள், எக்காளங்கள், முரசுகள், அப்போதுதான் புதிதாக வந்திருந்த கிளாரினெட் எல்லாம் ஒரே மேடையில். யார் யார் எதெதைக் கற்றிருந்தார்களோ அவரவருக்கு ஓர் இடம் கிடைத்தது. ஒரு நகரைக் கைம்பெண் ஒருத்தி காப்பாற்றிய கதையை, பெற்றோரை அறியாத பெண்கள் பாடினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

மேடை என்று சொன்னேன். உண்மையில் மக்கள் அவர்களைப் பார்க்க முடியாது. உயரமான மாடங்களில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றே பாடினார்கள், வாசித்தார்கள். ஒலி மட்டுமே கீழே இறங்கியது. கற்றல் இலக்குகளில் மேடைத் தோற்றம் என்பதற்கு அங்கே இடமில்லை. பார்வையாளரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை, கைதட்டலும் வழிபாட்டில் கூடாது. பக்கத்தில் இருப்பவளின் மூச்சைக் கேட்டுத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுவிழா நிழற்படத்துக்காகவே இசைவகுப்பு நடத்தும் பள்ளிகளை நினைத்தால் இந்தத் தடுப்பில் ஒரு நன்மையும் இருந்ததாக எனக்குப் படுகிறது.

ஆனால் தீமையை மறைக்கக் கூடாது. அந்தக் கம்பித் தடுப்பு வெறும் பக்திக்காக மட்டும் அல்ல. இல்லத்தை விட்டுத் திருமணம் செய்து வெளியேறும் இசைப்பெண், இனிப் பொது இடத்தில் இசைப்பதில்லை என்று வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது. பத்து இருபது ஆண்டு கற்ற கலையை வாசலில் விட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். இல்லத்தின் புகழும் வருமானமும் குறையக் கூடாது என்பதே காரணம். குழந்தைகளைக் காப்பாற்றியது திருச்சபையின் இரக்கம் என்று பெருமைப்படும் நாம், அதே இல்லம் வளர்ந்த பெண்ணின் கையைக் கட்டியதையும் சொல்லத்தான் வேண்டும். விவால்தி இதை எதிர்த்ததாக எந்தச் சான்றும் இல்லை. அவர் தம் காலத்து மனிதர்.

1718 முதல் மாந்துவா அரசவையிலும், பின்னர் உரோமையிலும் இன்னும் பல நகரங்களிலும் இசைநாடகங்களுக்காக அலைந்தார். நாடகத்தில் பணமும் புகழும் இருந்தன. எனினும் பியெத்தா அவரை முழுவதும் விடவில்லை. 1723-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாதம் இரண்டு கான்செர்டோ எழுதித் தர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்கினோ பொற்காசு. வெளியூரில் இருந்தால் அனுப்பிவைக்கலாம், ஆனால் அனுப்பும் செலவு இல்லத்தைச் சேராது. வெனிசில் இருந்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று நான்கு முறை நேரில் வந்து பயிற்சி நடத்த வேண்டும். 1723-க்கும் 1729-க்கும் இடையில் 140 கான்செர்டோக்களுக்குப் பணம் கொடுத்ததாக இல்லத்தின் கணக்கு சொல்கிறது. அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். தாளை அனுப்பினால் போதாது, ஆள் வர வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. 'நான்கு பருவங்கள்' 1725-இல் அச்சாகி வெளிவந்ததும் இந்த ஆண்டுகளில்தான்.

இனி, குருவானவராக அவர் வாழ்ந்த வாழ்க்கை. இதைப் பற்றித் திரித்துச் சொல்லப்பட்டவை ஏராளம். அருட்பொழிவு பெற்றபின் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே திருப்பலி நிறைவேற்றினார், பின் நிறுத்திவிட்டார். திருப்பலி நடுவே ஓர் இசை தோன்றியதாகவும், அதை எழுதிவைக்கப் பீடத்தை விட்டுத் திருப்பண்ட அறைக்கு ஓடியதாகவும் ஒரு கதை உண்டு. பின்வந்தவர்கள் சுவைக்காகக் கட்டிய கதை அது. அவரே 1737 நவம்பரில் ஒரு பிரபுவுக்கு எழுதிய மடலில் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். பிறந்தது முதல் மார்பை இறுக்கும் நோய். மூன்று முறை திருப்பலியை முடிக்க முடியாமல் பீடத்தை விட்டு இறங்க நேர்ந்தது. நடந்து செல்ல இயலாது, படகிலோ வண்டியிலோதான் எங்கும் செல்வது. இவ்வளவு நோயுள்ளவர் நாடகக் கொட்டகைகளுக்காக எப்படி நாடு நாடாக அலைந்தார் என்று அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கலாம். ஆனால் மூச்சு முட்டும் நோயாளி யாரையேனும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், வண்டியில் அமர்ந்து பயணம் செய்வதும் பீடத்தின் முன் நெடுநேரம் நின்று உரத்து மன்றாடுவதும் ஒன்றல்ல என்பதை அறிவார்கள். அவர் குருத்துவத்தை விட்டு விலகவில்லை. கட்டளைச் செபநூலை கையில் வைத்திருந்ததை நாடக ஆசிரியர் கார்லோ கோல்தோனி தம் நினைவுகளில் சற்றே கேலியோடு பதிவு செய்திருக்கிறார்.

அன்னா ஜிரோ என்ற பாடகியும் அவருடைய மூத்த சகோதரியும் விவால்தியின் பயணங்களில் உடன் சென்றார்கள். ஊர் பேசியது. 1737-இல் பெராராவில் இசைநாடகம் நடத்த அவர் ஆயத்தம் செய்தபோது, அந்நகரின் பேராயர் கர்தினால் ருஃபோ அவர் நகருக்குள் வரத் தடை விதித்தார். திருப்பலி நிறைவேற்றாத குரு, பாடகியோடு நட்பு என்ற இரண்டும் காரணம். மேலே சொன்ன மடல் அந்த வேளையில் எழுதப்பட்டதே. தவறான உறவு எதுவுமில்லை என்று அதில் மறுத்தார், தடை நீங்கவில்லை, பெரும் பணம் இழந்தார். தம் நகரத்து இறைமக்களுக்கு இடறல் வரக்கூடாது என்று ஆயர் ஒருவர் கவலைப்படுவது அவர் கடமை. ஆனால் சான்று எதுவும் இல்லாத பேச்சை மட்டும் வைத்து ஒரு குருவின் பெயரை மூன்று நூற்றாண்டுகளாக இழுப்பது முறையாகாது.

1735-இல் மீண்டும் 100 டுகாட் சம்பளத்தில் பியெத்தாவின் ஆசிரியரானார். 1738-இல் வாக்கெடுப்பில் மறுபடியும் தோற்றார். நகரத்தின் இரசனை நேப்பிள்ஸ் பாணிக்கு மாறிக்கொண்டிருந்தது. 1740 மார்ச்சில், சாக்சனி இளவரசர் வந்தபோது, பியெத்தா பிள்ளைகள் அவருடைய இசையை வாசித்தார்கள். மே மாதம் கான்செர்டோக்கள் இருபதை 70 டுகாட்டுக்கு இல்லத்திடமே விற்றுவிட்டுப் புறப்பட்டார். வியன்னாவில் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் ஆதரிப்பார் என்று நம்பியிருக்க வேண்டும். பேரரசரோ அந்த அக்டோபரில் இறந்துபோனார். 1741 ஜூலை 28 அன்று விவால்தியும் அந்நகரிலேயே, வாடகை வீடொன்றில் இறந்தார். அடக்கச் சடங்கு மிகக் குறைந்த செலவில் முடிந்தது. மருத்துவமனைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்தத் தோட்டம் இன்று இல்லை.

வெனிசுக்குச் செல்லும் பயணிகளுக்கு இன்று கரையோரத்திலுள்ள அழகிய பியெத்தா ஆலயத்தைக் காட்டி, விவால்தியின் ஆலயம் என்று சொல்கிறார்கள். அதன் கட்டடப் பணி 1745-இல்தான் தொடங்கியது. அவர் கற்பித்த பழைய ஆலயம் வேறு.

இறந்தபின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவரை மறந்தேவிட்டார்கள். பாக் ஆய்வாளர்கள் மட்டும், பாக் யாரிடமிருந்து எடுத்தார் என்று தேடும்போது அப்பெயரைக் கண்டார்கள். 1926-இல் வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், போர்கோ சான் மார்த்தீனோ என்ற ஊரிலிருந்த சலேசியர் கல்லூரி, கட்டடப் பழுதுபார்ப்புக்குப் பணம் திரட்டத் தன்னிடமிருந்த பழைய இசைக் கையெழுத்து நூல்களை விற்க நினைத்தது. தொன் போஸ்கோவின் பிள்ளைகளுக்கு அவற்றின் மதிப்பு தெரியவில்லை. தூரின் பல்கலைக்கழக இசை வரலாற்றறிஞர் அல்பெர்த்தோ ஜென்டீலி பிரித்துப் பார்த்தபோது, பல தொகுதிகள் விவால்தியின் சொந்தக் கையெழுத்து! அவை ஒரு பெரிய தொகுப்பின் பாதி மட்டுமே என்பது பின்னர் தெரிந்தது. மறுபாதி ஜெனோவாவில் ஒரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. நூலகத்திடம் பணம் இல்லை. முதற்பாதியை ரொபெர்த்தோ ஃபொவா என்பவர் வாங்கித் தந்தார். 1930-இல் மறுபாதியை பிலிப்போ ஜொர்தானோ என்பவர் வாங்கித் தந்தார். இருவருமே தங்கள் சிறு வயது மகனை இழந்த தந்தையர். மௌரோ, ரென்சோ என்ற அந்த இரு குழந்தைகளின் பெயரில்தான் தூரின் தேசிய நூலகத்தில் அந்தத் தொகுப்பு இன்றும் இருக்கிறது. ஜென்டீலியோ யூதர் என்பதற்காக 1938-ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் பணியிழந்தார். 1939-இல் சியேனா நகரில் விவால்தி இசைவாரம் நடந்தது. இன்று உலகெங்கும் பாடகற்குழுக்கள் பாடும் அவருடைய 'உன்னதங்களிலே' மீண்டும் ஒலித்தது அந்த வாரத்தில்தான்.

அன்னா மரியாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். விவால்தி வேலையில் சேர்ந்தபோது அவள் ஏழெட்டு வயதுச் சிறுமி. அவளுக்கென்றே அவர் எழுதிய கான்செர்டோக்கள் இரண்டு டஜனுக்கும் மேல். ஐரோப்பாவின் தலைசிறந்த வயலின் கலைஞர்களில் ஒருவர் என்று பயணிகள் அவரைப் போற்றினார்கள். அவர் திருமணம் செய்யவில்லை, வெளியேறவும் இல்லை. ஆசிரியையாகி, 1737-இல் இசைக்குழுவின் தலைவியாகி, தலைமுறை தலைமுறையாகச் சிறுமியருக்குக் கற்பித்தார். தம் ஆசிரியர் இறந்து 41 ஆண்டுகள் கழித்து, 1782-இல், ஏறத்தாழ 86 வயதில், பிள்ளையாக வந்து சேர்ந்த அதே இல்லத்தில் காலமானார். அவர் வாசித்த நூல் ஒன்று, அவருடைய பெயரோடு, வெனிஸ் இசைக்கல்லூரியின் நூலகத்தில் இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட கான்செர்டோக்களில் தனி வயலினுக்குரிய பகுதி மட்டும் அதில் எழுதப்பட்டுள்ளது. அவற்றில் சிலவற்றுக்கு மற்றக் கருவிகளின் தாள்கள் எங்கும் கிடைக்கவில்லை. கூட இருந்த பிள்ளைகள் வாசித்ததை இசையறிஞர்கள் ஊகித்து எழுதிச் சேர்க்கிறார்கள், அன்னா மரியாவின் வரி அப்படியே இருக்கிறது.